ஏழு மாதக் குழந்தைக்குக் கதை சொல்வது அதன் உணர்வு வளர்ச்சிக்கு உண்மையில் உதவுமா?

வேலூர் அம்மா (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது ஏழு மாதம் நடக்கிறது. பேறுகால விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிவிட்டதால், பகலில் என் மாமியார் அவளைப் பார்த்துக்கொள்கிறார். இரவில் தூங்கவைக்கும் நேரம் மட்டுமே எங்கள் இருவருக்கும் உரியது. அந்த நேரத்தில் கதை சொன்னால் குழந்தையின் மனம் செம்மையாக வளரும் என்று குழந்தை மருத்துவர் கூறியதால், படப் புத்தகம் ஒன்றை வாங்கி வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் அவள் புத்தகத்தைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள்; இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "ஒண்ணும் புரியாத பிள்ளைக்குக் கதை எதுக்கு, தாலாட்டுப் பாடித் தூங்க வை" என்கிறார் மாமியார். கதை மொழி வளர்ச்சிக்கு உதவும் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் சொல்லின் பொருளே தெரியாத வயதில் அச்சம், மகிழ்ச்சி, ஏக்கம் ஆகியவற்றோடு கதைக்கு என்ன தொடர்பு? இன்னொரு கேள்வியும் உண்டு: என் கணவர் ஷார்ஜாவில் பணிபுரிகிறார். அவர் வீடியோ அழைப்பில் கதை சொன்னால் பயன் உண்டா, அல்லது அதுவும் கைப்பேசிப் பழக்கத்தில் கொண்டுபோய் விடுமா?

குழந்தை உளவியல் மாணவி:

சகோதரி, உங்கள் ஐயம் நியாயமானதே. ஏழு மாதக் குழந்தைக்குக் கதையின் பொருள் புரியாது. அது எடுத்துக்கொள்வது குரலின் ஏற்ற இறக்கத்தையும், அடுத்து என்ன என்று காக்கவைக்கும் இடைவெளியையும், சொல்பவரின் முகத்தையும்தான். இந்தத் திறன் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற பெண்கள் கடைசி ஆறு வாரங்களில் ஒரு குறிப்பிட்ட கதைப்பகுதியை நாள்தோறும் வாய்விட்டு வாசித்தார்கள். பிறந்த சில நாள்களில், சப்பும் முறைக்கேற்ப ஒலிப்பதிவு மாறும் ரப்பர் காம்பைக் கொடுத்துச் சோதித்தபோது, அந்தப் பகுதியைக் கேட்பதற்காகவே குழந்தைகள் தாம் சப்பும் முறையை மாற்றிக்கொண்டார்கள். வேறொரு பெண்ணின் குரலில் ஒலிபரப்பியபோதும் அதே விருப்பம் தெரிந்தது. அப்படியானால் அவர்கள் அடையாளம் கண்டது குரலை மட்டுமன்று, கதையின் நடையையும்தான்.

உணர்வுக்கு வருகிறேன். கைக்குழந்தையால் தன் பதற்றத்தைத் தானே தணித்துக்கொள்ள முடியாது. தன்னை வைத்திருப்பவரின் அமைதியைப் பற்றிக்கொண்டுதான் அது அடங்குகிறது. முகம் எவ்வளவு முக்கியம் என்பதை உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் குழுவினர் 1978இல் வெளியிட்ட சோதனை காட்டியது. கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் தாய், சொல்லிவைத்தபடி, சிறிது நேரம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் குழந்தையையே பார்க்கிறார். குழந்தை முதலில் சிரித்து அவரை மீட்கப் பார்க்கிறது. பலிக்கவில்லை என்று கண்டதும் பார்வையை விலக்கித் துவண்டுபோகிறது. கதை சொல்லும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. புருவம் உயர்கிறது, குரல் தாழ்கிறது, ஏதோ வரப்போகிறது என்ற விறுவிறுப்பு ஏறுகிறது, பிறகு சிரிப்பில் இறங்குகிறது. உணர்வு ஏறும், ஆனால் இறங்கியும்விடும் என்பதைக் குழந்தை உங்கள் மடியில் இருந்தபடியே திரும்பத் திரும்ப அனுபவிக்கிறது. ஒரே கதையை நாள்தோறும் சொல்லலாமா என்று பலர் தயங்குகிறார்கள். இந்த வயதில் அதுதான் நல்லது, ஏனெனில் அடுத்து வருவது தெரிந்திருந்தால்தான் எதிர்பார்க்க முடியும்.

உங்கள் மகள் முகத்தைத் திருப்புவதைச் சலிப்பு என்று எண்ண வேண்டாம். "இப்போதைக்குப் போதும்" என்று தன்னை அமைதிப்படுத்திக்கொள்ள அவளிடம் உள்ள வழி அது. அவள் முகத்தைத் தேடிப் போகாமல் பேச்சை நிறுத்திக் காத்திருங்கள், அவளே திரும்புவாள். புத்தகத்தை வாயில் வைப்பதும் இயல்புதான். துணிப் புத்தகமோ கெட்டி அட்டைப் புத்தகமோ கொடுத்துவிட்டு, கதையை முகம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்:

உங்கள் மாமியார் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம், அம்மா. நம் தாலாட்டில் யார் அடித்து அழுதாய் என்று கேட்டு, மாமன், அத்தை என்று உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார்களே, அது குழந்தையின் அழுகைக்குக் காரணம் தேடும் கதையல்லாமல் வேறென்ன? உன் அழுகை எனக்குக் கேட்டது என்பதைத்தான் அந்தப் பாட்டு சொல்கிறது.

எடை பார்க்க வரும் தாய்மார்களிடம் நான் முதலில் செய்துகாட்டியது பருப்புக் கடையும் விளையாட்டைத்தான். குழந்தையின் உள்ளங்கையை விரித்து, அதில் முழங்கையால் பருப்புக் கடைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பாட்டிக்கு என்று விரல் விரலாக மடக்கி ஊட்டிய பிறகு, நண்டு ஊர்வதுபோல் நம் விரல்களை மணிக்கட்டிலிருந்து மெல்ல மேலே ஊரவிட வேண்டும். முழங்கையருகே ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்கள் கண்ணையே பார்க்கும். அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டியதும் உடம்பு முழுக்கச் சிரிக்கும். சில நாள் போனதும், நண்டு கிளம்பும் முன்பே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிடும்.

அன்றாடம் நடப்பதையும் கதையாக்கலாம். குக்கர் விசிலுக்குக் குழந்தை திடுக்கிட்டு அழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கி அணைத்து, அழுகை சற்று ஓய்ந்ததும், "குக்கர் உஸ்ஸுனு கத்துச்சா? பாப்பா பயந்துபோச்சா? அம்மா ஓடி வந்து தூக்கிட்டேன்ல? இப்பப் பாரு, குக்கர் கம்முனு ஆயிடுச்சு" என்று சொல்லுங்கள். "பயம் ஒண்ணுமில்ல" என்று அதட்டி மறைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பயந்தது உண்மை, ஒருவர் வந்ததும் உண்மை, சத்தம் அடங்கியதும் உண்மை. தடுப்பூசி போட்ட நாள் மாலையிலும் இப்படியே சொல்லுங்கள். பொருள் புரிய மாதங்கள் ஆகும்; சொல்லும் பழக்கம் உங்களுக்கு இப்போதே வந்துவிட வேண்டும்.

அபுதாபி அப்பா:

வீடியோ அழைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் நானும் இதே கேள்வியோடு நிறையத் தேடினேன். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2019இல் கூறியது. குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பெட்ரீசியா கூல் குழுவினரின் 2003ஆம் ஆண்டு ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் நேரில் விளையாடிக் கதை வாசித்தவர்களிடமிருந்து சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதையே பதிவாகத் திரையில் பார்த்தவர்கள் கற்கவில்லை. ஆனால் அது பதில் பேசாத பதிவு. குழந்தை சிரித்தால் உடனே சிரிக்கிற அப்பா அப்படியல்லர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2016இல் வெளியிட்ட பரிந்துரையில், ஒன்றரை வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வீடியோ உரையாடலை மட்டும் விலக்காக வைத்தது.

எங்கள் வீட்டில் பலித்த முறை இது. இங்கே ஏழு மணி என்றால் ஊரில் எட்டரை. அந்த நேரத்தில் நான் நண்டு வருகிறது என்று சொல்ல, அங்கே என் மனைவியின் விரல்கள் குழந்தையின் கையில் ஊரும். என் குரலும் அவருடைய தொடுதலும் சேர்ந்துதான் கதையாகிறது. குழந்தையின் கையில் கைப்பேசியை மட்டும் கொடுத்தால் அது வெறும் திரைதான். இணைப்பில் குரல் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும் என்பதால், ஒவ்வொரு வரிக்கும் பின் குழந்தையின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும், சகோதரி.

வேலூர் அம்மா:

அனைவருக்கும் மிக்க நன்றி. அங்கன்வாடி அம்மா சொன்ன விளையாட்டு மாமியாருக்கு நன்றாகத் தெரியுமாம். பகலில் அவரே செய்கிறேன் என்றார். கடைசியாக ஒன்று கேட்கிறேன். சில இரவுகளில் வேலைக் களைப்பில் என் முகத்திலும் குரலிலும் உயிரே இருப்பதில்லை. அசைவற்ற முகத்தைப் பற்றிய அந்த ஆய்வைப் படித்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது.

குழந்தை உளவியல் மாணவி:

அஞ்ச வேண்டாம், சகோதரி. தாயும் சேயும் எப்போதும் ஒத்திசைந்திருப்பதில்லை, பெரும்பாலான நேரம் சற்று விலகித்தான் இருக்கிறார்கள் என்பதும் அதே டிரானிக் எடுத்துக்காட்டியதுதான். விலகியவர்கள் மீண்டும் சேர்ந்துகொள்வதிலிருந்தே குழந்தைக்கு நம்பிக்கை பிறக்கிறது. களைத்த இரவில் கதையை விட்டுவிட்டு மார்போடு அணைத்துத் தாலாட்டை முணுமுணுத்தால் போதும். ஆனால் களைப்பாக இல்லாமல் அது மனச்சோர்வாக இருந்து, எதிலும் பிடிப்பில்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால், தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு பலருக்கும் வருவது, சிகிச்சையால் குணமாகக் கூடியது.