நேரில் பார்த்த நடிகர்: உங்கள் அனுபவம் என்ன?

மல்லிகைச்சரம்:

வணக்கம். நான் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையில் வேலை செய்கிறேன். சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம் தமிழ்ப்பட நடிகை ஒருவர் கடைக்கு வந்தார். பெயரைச் சொல்லப் போவதில்லை. குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தவர், அவருடைய நிம்மதி எனக்கு முக்கியம். முகக்கவசம் போட்டிருந்தார், ஆனாலும் "அக்கா, ரெண்டு முழம் குடுங்க" என்றதுமே குரல் காட்டிக் கொடுத்துவிட்டது. நாள் முழுக்கப் பூ அளக்கிற கை எனக்கு, அன்றைக்கு நடுங்கியது. அவர் பூவை முகர்ந்து பார்த்து, "எங்கேருந்து வருது? நம்ம ஊர் வாசனை அப்படியே இருக்கே" என்று கேட்டார். மதுரையிலிருந்து விமானத்தில் வருகிறது என்றேன். "அப்படியா!" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அவ்வளவுதான் பேச்சு.

அன்று இரவு தொலைபேசியில் யார் யாரைக் கூப்பிட்டேன் என்று கணக்கே இல்லை. என் மகன் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறான். "அம்மா, அவங்களும் ஒரு மனுஷிதானே, உங்களுக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டான். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள், அவனுக்குக் காட்டுகிறேன்.

பாலஸ்டியர் பெரியவர்:

அம்மா, எங்கள் காலத்தில் இந்தக் கேள்வியே எழாது. என் தாயார் எம்.ஜி.ஆரை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருந்தது. 1967 ஜனவரியில் அவர் கழுத்தில் குண்டு பாய்ந்தது, கழுத்துக் கட்டோடு எடுத்த படத்தைச் சுவரொட்டியாக ஒட்டினார்கள், படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். 1984 தேர்தலிலும் அமெரிக்க மருத்துவமனையில் இருந்துகொண்டே வென்றார். இதையெல்லாம் அம்மா தன் சொந்தத் தம்பிக்கு நடந்தது போலச் சொல்வார். 1987 டிசம்பர் 24 அன்று அவர் இறந்த செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லை. இத்தனைக்கும் அம்மா சிங்கப்பூரில் பிறந்தவர், தமிழ்நாட்டில் ஓட்டுப் போட்டவரும் இல்லை.

எனக்கு வேறு மாதிரி. 1978இல் 'பிரியா', 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்', இரண்டும் இங்கே வந்து எடுத்த படங்கள். அதுவரை திரையில் பெரும்பாலும் பார்த்தது அவர்கள் ஊர். நாங்கள் பஸ் பிடிக்கிற ஊரிலேயே ரஜினியும் கமலும் நடந்து போனதைப் பார்த்தபோது, சென்னையில் இருக்கிறவர்களுக்கும் இனி எங்களைத் தெரியும் என்று ஒரு பெருமை வந்தது. இளவயதில் அது சின்ன விஷயமில்லை.

2011இல் ரஜினி சிகிச்சைக்காக மவுண்ட் எலிசபெத் மருத்துவமனையில் இருந்தபோது நான் வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு ஆர்ச்சர்ட் பக்கம் போனேன். உள்ளே போக எண்ணமில்லை. எதிர்ப்புறம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவருக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கும் தெரியும். நோயாளியைப் பார்க்கப் போகாமல் இருப்பது மரியாதையில்லை என்று மனது சொன்னது, போனேன்.

துவாஸ் தம்பி:

அக்கா, ஐயா, வணக்கம். நான் கப்பல் பட்டறையில் வெல்டர். ஊர் அறந்தாங்கி பக்கம். ஞாயிறு ஒருநாள்தான் விடுப்பு. துணி துவைத்து, சமைத்து முடித்தால் அப்புறம் லிட்டில் இந்தியா தேக்காதான். வந்த புதிதில் மெக்கன்சி சாலை ரெக்ஸ் தியேட்டரில் படம் பார்ப்போம். முதல் காட்சியில் தலைவர் பெயர் வரும்போது கத்துகிற கத்தலில் ஒரு வாரக் களைப்பு போய்விடும்.

ஒருமுறை வெளிநாட்டு ஊழியர்களுக்காக நடந்த கலைநிகழ்ச்சிக்கு, வில்லன் வேடம் கட்டுகிற நடிகர் ஒருவர் வந்தார். கதாநாயகன் இல்லை, ஆனாலும் கூட்டம் நெரிந்தது. வரிசையில் நின்று நின்று என் முறை வந்தபோது கைபேசியில் சார்ஜ் இல்லை. பின்னால் இருப்பவர்கள் தள்ளுகிறார்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கியவர், விடாமல் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி இது, தீக்காயமா? வெல்டிங்கா?" என்றார். ஆமாம் என்றேன். "கையுறை போடுறீங்கல்ல? எந்த ஊரு?" சொன்னேன். "அறந்தாங்கி! கடல் பக்கம்தானே, மீன் நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

படமும் இல்லை, ஆதாரமும் இல்லை. விடுதியில் பாதிப் பேர் நம்பவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "ஏம்ப்பா, படத்துல அவ்வளவு கெட்டவனா வர்றாரே, நேர்ல நல்ல மனுஷனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார்கள், தலைக்கவசத்தில் இருக்கிற எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவர் என் ஊர்ப் பெயரை வாயால் சொன்னார். உங்கள் மகன் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான் அக்கா.

ஜூரோங் ஆசிரியை:

துவாஸ் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறவள் என்பதால் கொஞ்சம் பாடமாகவும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலி, தொலைக்காட்சி, திரைப்படம் இவையெல்லாம் நேருக்கு நேர் பழகுகிற உணர்வைத் தருகின்றன, ஆனால் உறவு ஒரு பக்கம்தான் ஓடுகிறது என்றார்கள். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. 1968இல் ராபர்ட் ஸயான்ஸ், ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அது பிடித்துப்போகிறது என்று சோதனைகளில் காட்டினார். முகப் படங்களை வைத்தும் சோதித்தார். இதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். திரையில் க்ளோசப் வரும்போது ஒரு முகத்தின் இமை துடிப்பதுவரை பார்க்கிறோம். வாழ்க்கையில் அவ்வளவு கிட்டத்தில் யாரைப் பார்ப்போம்? பெற்ற தாயை, மடியில் இருக்கிற குழந்தையை, கட்டிக்கொண்டவரை. அந்த நெருக்கத்தில் பல வருடங்கள் பார்த்த முகம் கடைக்குள் வந்து நின்றால் கை நடுங்கத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

செந்தோசாவில் இருக்கும் மேடம் துசாட்ஸில் 2019 செப்டம்பரில் ஸ்ரீதேவியின் மெழுகுச் சிலையைத் திறந்தார்கள், அவர் இறந்து ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு. சென்னையிலிருந்து வந்த என் சித்தியை அழைத்துப் போனேன். சித்தி அதன் கையைத் தொட்டுவிட்டு, "கண்ணு நம்மளப் பார்க்கல பாரு" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். படம்கூட எடுக்கவில்லை. இங்கே எழுதுகிற எல்லோருடைய கதையிலும் அதுதான் இருக்கிறது. அவரை நாம் பார்த்தது பெரிதில்லை, அது தினமும் நடக்கிறது. அவர் நம்மைப் பார்த்தாரா, நம்மிடம் ஏதாவது கேட்டாரா என்பதுதான் மனதில் நிற்கிறது. இத்தனை வருடம் ஒரு பக்கமாக ஓடிய உறவு ஒரு நிமிடம் இரண்டு பக்கமும் ஓடுகிறது. எம்.ஜி.ஆர் விஷயத்தில் பெரியவரின் தாயாருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவே இல்லை, ஆனாலும் அன்று அடுப்பு பற்ற வைக்கவில்லை. அது எனக்கும் முழுதாக விளங்காத அன்பு.

மேடைக்குப் பின்னால்:

ஒலி, ஒளி அமைப்பு வேலை செய்கிறேன். நட்சத்திர நிகழ்ச்சிகள் நிறையப் பார்த்தாயிற்று. 2002இல் விஜயகாந்த் தலைமையில் நடிகர் சங்கம் தன் கடனை அடைக்க மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நட்சத்திர இரவு நடத்தியது பலருக்கு நினைவிருக்கும். சென்னையில் இருக்கிற ஒரு சங்கத்தின் கடனை நம் டிக்கெட் காசும் சேர்ந்து அடைத்தது. அந்த அளவுக்கு நாம் இவர்களுக்கு நெருக்கம். ஆனால் அந்த நெருக்கத்தை விலைக்கு விற்கிறவர்கள் இப்போது அதிகம். அதுதான் எனக்கு ஆற்றாமை.

சில ஏற்பாட்டாளர்கள் நடிகரோடு படம் எடுக்கத் தனி டிக்கெட் போடுகிறார்கள். காசு கட்டியவர்களை வரிசையில் விடுவார்கள். தோளில் கை வைக்கக் கூடாது, பேசக் கூடாது. ஃபிளாஷ் அடித்ததும் "அடுத்து, அடுத்து" என்று விரட்டுவார்கள். ஒரு பாட்டி பேரனோடு வந்தார். நடிகருக்குக் கொடுக்க முறுக்கு செய்து எடுத்து வந்திருந்தார். பொருள் எதுவும் வாங்க மாட்டோம் என்று பாதுகாவலர் பையை ஓரமாக வைக்கச் சொன்னார். நிகழ்ச்சி முடிந்து மேடையைப் பிரிக்கும்போது பை அங்கேயே இருந்தது. நடிகர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு அது தெரியவே தெரியாது. பின்னறையில் அவர் காலணியைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவ்வளவு அசதி. ஏற்பாட்டாளர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன்: வரிசையைப் பாதியாகக் குறையுங்கள், ஆளுக்கு ஒரு வார்த்தை பேச விடுங்கள். அதற்காகத்தான் வருகிறார்கள்.

புக்கிட் பாத்தோக் மாமி:

எல்லோரும் சென்னை நடிகர்களையே எழுதுகிறீர்கள். நம் சிங்கப்பூர் வசந்தம் தொலைக்காட்சி நடிகர்களையும் சொல்ல வேண்டும். எங்கள் புளோக்கில் ஒரு நாடக நடிகர் குடியிருக்கிறார். அதே மின்தூக்கி, அதே காப்பிக்கடை, எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டுதான் வேலைக்குப் போவார். கூட்டம் கூடாது, ஆனால் யாராவது ஒருவர் பக்கத்தில் போய்ப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அது ஆராதனை இல்லை, உரிமை. நாடகத்தில் அவர் மனைவியை விட்டுவிட்டுப் போகிற பாத்திரம் செய்த மாதங்களில் என் மாமியார் அவரோடு பேசவே இல்லை. தீபாவளிக்குப் பலகாரத் தட்டு எல்லா வீட்டுக்கும் போயிற்று, அவர் வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது. கதவைத் தட்டி, "பாட்டி, அடுத்த வாரம் நான் திரும்பி வந்துடுவேன்" என்றார். "வந்த பிறகு பார்க்கலாம்" என்று மாமியார் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அந்தக் காட்சி ஒளிபரப்பானதும், இரவு பத்து மணிக்கு மேல், என்னை எழுப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.