ஒப்புதலா, அங்கீகாரமா: இலங்கைப் பதிப்புக்கான சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருள் ஒன்றை நாம் தமிழாக்கி வருகிறோம். அதில் விண்ணப்பத்தை ஏற்று முடிவு செய்யும்போது (approve) அதிகாரி அழுத்தும் பொத்தானுக்கு 'ஒப்புதல் அளி', அதன் பிறகு தோன்றும் நிலைக்கு 'ஒப்புதல் பெற்றது' என்று தமிழ்நாட்டிலிருந்து ஐயா முன்வைத்ததைப் படித்தேன். நல்ல தமிழ்ச் சொல், மறுக்கவில்லை. ஆனால் இலங்கைப் பதிப்பில் 'அங்கீகாரம்' இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'அமைச்சரவை ஒப்புதல்' என்பது அன்றாடத் தலைப்பு. அதே வகைச் செய்தி கொழும்பில் அச்சாகும்போது 'அமைச்சரவை அங்கீகாரம்' என்று வரும். ஆனால் வழக்கு வேறுபடுகிறது என்பது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத வந்திருக்க மாட்டேன்.

மட்டக்களப்பில் ஒரு கந்தோரில் (அலுவலகத்தில்) படிவங்களை மொழிபெயர்ப்பது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டு உதவிக்கான படிவம் ஒன்றுக்கு நானே 'ஒப்புதல் படிவம்' என்று தலைப்பிட்டேன். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த ஒரு தாய் அந்தத் தாளை வாங்கி, தடித்த எழுத்தில் இருந்த தலைப்பின் மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு தாளை மேசையில் என் பக்கமாகத் தள்ளிவிட்டார். "நான் எதை ஒப்புக்கொள்ள வேண்டும் மனே (மகனே)?" என்றார். கைநாட்டுக்கான மைப்பெட்டி திறந்தபடியே இருந்தது. அவருடைய மகன் தடுப்புக் காவலில் இருந்து வந்தவர். அந்தத் தாய்க்கு 'ஒப்புதல்' என்ற சொல் நீதிமன்ற வாசலில் அறிமுகமான சொல்.

இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுக்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க வழிவிட்டது. சாதாரணச் சட்டத்தில் பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. கிழக்கில் எத்தனை குடும்பங்கள் இந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு வழக்குக்கு அலைந்திருக்கின்றன என்பதை இங்கே இருப்பவர்கள் அறிவார்கள். அகராதியில் ஒப்புதலுக்கு இசைவு என்ற பொருளும் உண்டுதான். அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் படிவம் நிரப்ப வருவதில்லை. அந்தத் தாய் அன்று கைநாட்டு வைக்கவில்லை. ஊருக்குப் போய் விதானையாரிடம் (கிராம உத்தியோகத்தரிடம்) தாளைக் காட்டிவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். இரண்டு நாள் கூலியும் பஸ் காசும் என் சொல்லால் போனது. அதை நான் மறக்கவில்லை.

'அங்கீகாரம் வடசொல் அல்லவா' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், வடசொல்தான். ஒன்றைத் தன் அங்கமாக ஆக்கிக்கொள்வது என்பது அதன் அடிப்பொருள். அதிகாரி ஒரு விண்ணப்பத்தை அங்கீகரித்தால் அன்றிலிருந்து அது நிறுவனத்தின் முடிவாகிவிடுகிறது, பொறுப்பும் நிறுவனத்தைச் சேருகிறது. இந்தப் பொருள் ஒப்புதலில் இல்லை. தனித்தமிழில் 'ஏற்பு' இருக்கிறதே என்று நானும் நினைத்துப் பார்த்தேன். 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று திரையில் கண்டால், முகப்பில் தாளை வாங்கிக்கொண்டார்கள் என்று ஒருவர் படிப்பார். காசு கிடைத்துவிடும் என்று இன்னொருவர் படிப்பார். 'இசைவு' விண்ணப்பதாரர் தன் தகவலைப் பயன்படுத்தக் கொடுக்கும் சம்மதத்துக்கு வேண்டும், அதை அதிகாரிக்குக் கொடுத்துவிட்டால் அங்கே சொல் இருக்காது.

அனுமதியும் வேறு. ஒன்றைச் செய்யும் முன் கேட்டுப் பெறுவது அனுமதி. எங்கள் பக்கம் 'பெர்மிட் காணி' என்று சொல்வது, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. நிபந்தனைகளோடு இருந்து பயிர் செய்யலாம். அதற்கு அடுத்த படி, காணியை உரிமையாக்கும் அளிப்புப் பத்திரம். காணி வழங்குவதற்கான விசாரணையான காணிக் கச்சேரிக்குப் போய்வந்த எந்த விவசாயியும் இந்த இரண்டையும் குழப்ப மாட்டார். நாம் ஏன் திரையில் குழப்ப வேண்டும்?

உண்மையில் தனிச்சொல் தேவைப்படும் இடம் வேறொன்று. கிராம உத்தியோகத்தர் வதிவிடச் சான்றும் நற்சான்றும் எழுதிக் கொடுப்பார். அதன் அடியில் பிரதேச செயலாளர் கையெழுத்திட்டு முத்திரை வைப்பார். அவர் அந்த ஆளின் நடத்தையை நேரில் பார்த்துச் சொல்லவில்லை. கிராம உத்தியோகத்தரின் ஒப்பமும் (கையெழுத்தும்) பதவியும் உண்மையானவை என்றுதான் சொல்கிறார். இந்தப் படியையும் நம் வரைவு 'அங்கீகரிக்கப்பட்டது' என்றே காட்டுகிறது. வேலைக்காக நற்சான்று கேட்டு அதைப் பார்க்கும் இளைஞன் வேலை உறுதியாகிவிட்டது என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிடுவான்.

சரிபார்ப்பதும் ஏற்பதும் இருவேறு வேலைகள் என்பது எங்கள் ஊர்களுக்குப் புதிதல்ல. மட்டக்களப்புக் கோயில்களில் நிருவாகம் பார்ப்பவரை வண்ணக்கர் என்கிறோம். பழந்தமிழில் வண்ணக்கன் என்றால் நாணயத்தின் தரத்தைப் பார்த்துச் சொல்பவன். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அந்தச் சொல் நிற்கிறது. காசு நல்லது என்று அவன் சொல்வான், வாங்குவதா வேண்டாமா என்பது வணிகனின் முடிவு.

ஆகவே ஒப்பத்தின் மேல் வைக்கும் ஒப்பத்துக்கு 'மேலொப்பம்' என்று வைக்கலாம். தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் இது அறியப்பட்ட சொல், அதனால் ஐயாவுக்கும் அந்நியமாக இருக்காது. கையெழுத்தை ஒப்பம் என்றே எழுதிப் பழகிய எங்களுக்கு விளக்கமே தேவையில்லை. 'எதிரொப்பம்' என்ற யோசனையும் வந்திருந்தது. எதிர் என்றதும் மறுப்பு என்று படிக்கத் தோன்றுகிறது, அதை விட்டுவிடுவோம்.

இலங்கைப் பதிப்பில் வரிசை இப்படி வரட்டும்: சரிபார்க்கப்பட்டது, விதப்புரைக்கப்பட்டது (பரிந்துரைக்கப்பட்டது), மேலொப்பமிடப்பட்டது, அங்கீகரிக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பதிப்பில் கடைசிச் சொல்லாக 'ஒப்புதல்' இருப்பதில் எனக்குத் தடையில்லை. பொத்தானில் மட்டும் 'மேலொப்பமிடுக' சிறு திரையில் இரண்டு வரிக்கு உடைகிறது. 'மேலொப்பமிடல்' என்று தொழிற்பெயராகப் போட்டாலும் எழுத்து குறையவில்லை. வெறும் 'மேலொப்பம்' போதும் என்று நினைக்கிறேன், வரைவை வைத்திருப்பவர்கள் கைப்பேசியில் ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.