பானெட்டுக்குள் கோழி எலும்பு

எங்க குடும்பம் ❤️
ஞாயிற்றுக்கிழமை

கார்த்தி எர்ணாவூர், காலை 7:04
📷 படம்
வண்டி வாங்கி மூன்று மாதம் ஆகிறது. இன்றுதான் பானெட்டை முழுசாகத் திறந்து பார்த்தேன். விறகடுப்பு மாதிரி இருக்கிறது. பைப்பை நீட்டி ஒரு அடி அடித்துவிடலாமா மாமா?

பெரம்பூர் சித்தப்பா, 7:06
அடிடா, இதற்கெல்லாமா கேட்பார்கள். மண்ணெண்ணெய் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, வாட்டர் சர்வீஸ் கன்னில் அடித்தால் பளிச். என் அம்பாசடருக்கு அப்படித்தான் செய்வேன்.

காசிமேடு மாமா, 7:09
மாப்ளே, பைப்பைக் கீழே வை.

காசிமேடு மாமா, 7:14
மச்சான், அம்பாசடரில் பிளக்குக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் மூடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். இந்த வண்டியில் சென்சார், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில், ஈசிஎம் என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் என்று தொட்ட இடமெல்லாம் வயர். கன்னில் அடித்தால் தண்ணீர் சாக்கெட் ரப்பரைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து சாக்கெட் ஊசியில் பச்சை பூத்து டாஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரியும், காரணம் யாருக்கும் பிடிபடாது. மண்ணெண்ணெய்ப் பேச்சே வேண்டாம். ரப்பர் ஊறிப் போகும், இடுக்கில் தங்கியது சூட்டில் பற்றினாலும் பற்றும். சிலர் பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைக்கிறார்கள். மைனஸ் 40 டிகிரி குளிரில்கூட அதன் ஆவி தீப்பிடிக்கும். நம்ம ஊர் வெயிலுக்குச் சொல்ல வேண்டுமா?

பெரம்பூர் சித்தப்பா, 7:15
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா, 7:16
என்ன போட்டு அழித்தீர்கள் தம்பி?

பெரம்பூர் சித்தப்பா, 7:16
குட் மார்னிங் படம் அண்ணி. இரண்டு தடவை போய்விட்டது.

கார்த்தி எர்ணாவூர், 7:21
அப்போ கழுவவே கூடாதா மாமா?

காசிமேடு மாமா, 7:26
கழுவலாம். எதற்குக் கழுவுகிறாய் என்று முதலில் முடிவு பண்ணு. பளபளப்புக்கு என்றால் ஈரத்துணி போதும். தூசி படிந்து நின்றுபோன இன்ஜினை முப்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை, கழுவி நின்றுபோனதை நிறைய பார்த்திருக்கிறேன். ஆனால் உன் படத்தில் இடது பக்கம் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருக்கிறது. அது இருக்கிறவரை கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்காகக் கழுவு. வண்டி சூடாக இருக்கிறதா?

கார்த்தி எர்ணாவூர், 7:27
நேற்று ராத்திரி நிறுத்தியது. சில்லென்று இருக்கிறது.

காசிமேடு மாமா, 7:28
நல்லது. ஓடி வந்த சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சூட்டுக்கு ஃபேன் தானாகச் சுற்றும், விரல் போய்விடும்.

கார்த்தி எர்ணாவூர், 7:41
மாமா!! ஏர் ஃபில்டர் டப்பா ஓரமாகப் பஞ்சு, கேரி பேக் துண்டு, ஒரு கோழி எலும்பு
📷 படம்

அம்மா, 7:42
அய்யோ, அது போன ஞாயிறு நான் வைத்த குழம்பு எலும்பு மாதிரி இருக்கிறதே

தேவி அக்கா, 7:44
கார்த்தி வெறும் கையை வைக்காதே. கையில் சின்ன வெட்டுக்காயம் இருந்து அதில் எலி மூத்திரம் பட்டாலே போதும், எலிக்காய்ச்சல் வந்துவிடும். போன மழைக்காலத்தில் எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் பார்த்தேன். ரப்பர் கையுறை, மாஸ்க் போடு. துடைப்பத்தால் பெருக்காதே, ஊதவும் கூடாது. பிளீச்சிங் தண்ணீரில் நனைத்து ஊறவிட்டு அப்புறம் எடு.

காசிமேடு மாமா, 7:46
தேவி சொல்வது சரி. ஆனால் பிளீச்சிங் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும், வயர் பக்கம் ஊற்றக் கூடாது. பழைய பேப்பரை அதில் நனைத்துக் கூட்டின் மேல் மட்டும் போர்த்து. பத்து நிமிடம் கழித்து அப்படியே சுருட்டிக் கவரில் போடு. எடுத்த பிறகு அங்கே ஓடும் வயரை ஒவ்வொன்றாகப் பார். எங்காவது தோல் உரிந்து செம்பு தெரிந்தால் தண்ணீர் வேலையை இன்றைக்கு விட்டுவிடு.

கார்த்தி எர்ணாவூர், 8:10
எடுத்துவிட்டேன். வயர் எல்லாம் சரியாக இருக்கிறது. அடுத்து பேட்டரியா?

காசிமேடு மாமா, 8:12
ஆமாம். மோதிரம், ஸ்டீல் வாட்ச் கழற்றிவிடு. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸை மட்டும் கழற்றி ஓரமாக வை. பிளஸ் பக்கம் போகாதே. வண்டியின் பாடி முழுக்க மைனஸ்தான், பிளஸைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் இடித்தால் வெல்டிங் பட்டறை மாதிரி தீப்பொறி பறக்கும். கடிகாரம் அழிந்துபோகும், அப்புறம் வைத்துக்கொள்.

கார்த்தி எர்ணாவூர், 8:15
டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி

காசிமேடு மாமா, 8:17
ஆசிட் ஆவி. உங்கள் பக்கம் உப்புக்காற்று வேறு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தொட்டுத் தேய். நுரைத்துக்கொண்டு வரும், நுரை அடங்கியதும் ஈரத்துணியால் துடை. பேட்டரி மூடி துளைக்குள் மட்டும் இறங்கக் கூடாது.

கார்த்தி எர்ணாவூர், 8:29
செம, சோடா பாட்டில் மாதிரி பொங்குது 😄

காசிமேடு மாமா, 8:31
இனி தண்ணீர் படக் கூடாத இடத்துக்கெல்லாம் பை கட்டு. பேட்டரியை சார்ஜ் பண்ணும் ஆல்டர்நேட்டர், ஃப்யூஸ் பாக்ஸ், காயில், ஈசிஎம், காற்று உள்ளே போகும் வாய். ஆல்டர்நேட்டருக்குப் பக்கமெல்லாம் ஓட்டை, அதை நன்றாக மூடு. எத்தனை பை கட்டினாய் என்று எண்ணி வைத்துக்கொள்.

கார்த்தி எர்ணாவூர், 8:48
துணிக்கடைப் பை இரண்டு, பால் கவர் மூன்று. ரப்பர் பேண்ட் போட்டாச்சு. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கிற டீகிரீசர் இருக்கிறது.

காசிமேடு மாமா, 8:52
அடை இருக்கிற இடத்தில் மட்டும் அடி. நிழலில் செய், காய்ந்தால் கறையாகிவிடும். ஐந்து நிமிடம் விட்டு பெயிண்ட் பிரஷ்ஷால் கீறிவிடு. அம்மா பூச்செடிக்குத் தெளிக்கிற பாட்டில் இருக்கிறதே, அந்த அளவு தண்ணீர் போதும். பைப் வேண்டவே வேண்டாம்.

அம்மா, 8:55
ஒழுகுகிற எண்ணெய்த் தண்ணீர் வாசலுக்கு வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கறை சுவரில் இன்னும் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. ஒரு வாரம் மீன் வாங்கவே கை வரவில்லை.

காசிமேடு மாமா, 8:57
ஆமாம் தங்கச்சி. மாப்ளே, கீழே பழைய தட்டு வை, சுற்றி மரத்தூளைக் கொட்டு. எண்ணெய் தோய்ந்த துணியை மூட்டையாகக் கட்டி வெயிலில் போடாதே.

பெரம்பூர் சித்தப்பா, 9:40
முடிந்ததாடா? எதையாவது நனைத்துவிட்டாயா, தீப்பிடித்ததா? 😜

கார்த்தி எர்ணாவூர், 10:35
📷 படம்
துடைத்து, பானெட்டைத் திறந்தே ஒரு மணி நேரம் காயவிட்டேன். இன்ஜின் உலோகம் வெள்ளை என்று இன்றுதான் தெரிகிறது.

தேவி அக்கா, 10:37
அழகா இருக்குடா. கை கழுவினாயா?

கார்த்தி எர்ணாவூர், 10:52
மாமா மைனஸை மாட்டி செல்ஃப் அடித்தேன். ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் ஆஃப். மூன்று தடவை அப்படியே. போச்சா??

பெரம்பூர் சித்தப்பா, 10:53
நான் சொன்ன மாதிரி செய்திருந்தால்…

காசிமேடு மாமா, 10:53
பிளக் குழியில் தண்ணீர் என்றால் மிஸ்ஸிங் அடிக்கும், அதாவது திக்கித் திக்கி ஓடும், இப்படி நிற்காது. எத்தனை பை கட்டினாய்?

கார்த்தி எர்ணாவூர், 10:54
ஐந்து

காசிமேடு மாமா, 10:54
கையில் எத்தனை இருக்கிறது?

கார்த்தி எர்ணாவூர், 10:58
நான்கு 🤦

கார்த்தி எர்ணாவூர், 11:01
காற்று வாயில் பால் கவர் அப்படியே இருந்தது. எடுத்ததும் ஓடுகிறது!

காசிமேடு மாமா, 11:03
ஆல்டர்நேட்டர் பையை விட்டிருந்தால் பெல்ட்டில் சுற்றி இழுத்திருக்கும், பிழைத்தாய். பானெட்டைத் திறந்து வைத்து இருபது நிமிடம் ஓடட்டும். அப்புறம் அடை இருந்த இடத்தைப் படம் எடு.

கார்த்தி எர்ணாவூர், 11:30
📷 படம்
இன்ஜின் மேல்மூடி, அந்த டேப்பட் கவர் மூலையில் மயிரிழை மாதிரி ஈரம். விரலால் தொட்டால் எண்ணெய்.

காசிமேடு மாமா, 11:32
அதுதான். மூடிக்கு அடியில் கசியாமல் அடைக்கிற பேக்கிங் போயிருக்கிறது. ஒன்றும் பெரிய வேலை இல்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு பார்த்துவிட்டு செவ்வாய்க்கிழமை ஓட்டி வா. பேக்கிங்கை மட்டும் உன் வண்டி மாடல் சொல்லி வாங்கிவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா, 11:40
அதெல்லாம் இருக்கட்டும். என் ஆப்ப சோடா டப்பாவும் செடிக்குத் தெளிக்கிற பாட்டிலும் எங்கே?

அம்மா, 11:52
கார்த்தி, நீல டிக் விழுந்துவிட்டது, பதில் சொல்.