புதுப்பிப்பு: அப்பாட பிவ்கா-2 கூடினதுக்குக் காரணம் பிடிபட்டிட்டு

பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. போன மாதம் நான் கேட்டது: ஹெபடைட்டிஸ் பி உள்ள அப்பாவுக்கு (களுவாஞ்சிக்குடி, 67 வயசு) ஈரல் புற்றுநோயைத் தேடுற ரெண்டு ரத்தச் சோதனையில ஏஎஃப்பி 5 தான் (நோர்மல்), ஆனா 40க்குள்ள இருக்கவேண்டிய பிவ்கா-2 2,000ஐத் தாண்டிட்டு. ஈரல் புற்றுநோயா?

இல்லை. மருந்து ஏத்தி எடுத்த சிடி ஸ்கேனில கட்டி ஒண்டும் இல்லை.

"அப்பா வாஃபரின் போடுறாரா?" எண்டு கேட்ட அண்ணாதான் சரியாப் பிடிச்சவர். ரத்தம் கட்டாம இருக்கிறதுக்கான அந்தக் குளிசையை இதய வால்வு மாத்தினதிலிருந்து போடுறார். வாஃபரின் விற்றமின் கே-யின்ட வேலையைத் தடுக்க, ரத்தத்தை உறையவைக்கிற புரோத்ரோம்பின் எண்ட புரதத்தை ஈரல் அரைகுறையாத்தான் செய்யும். பிவ்கா-2 எண்டு அளக்கிறதே அந்த அரைகுறையைத்தான். புற்றுநோய்க் கலங்களும் அதைத்தான் விடும்.

இவ்வளவுக்கும் இதயக் கிளினிக் கொப்பியும் ஈரல் கிளினிக் கொப்பியும் ஒரே ரப்பர் பாண்டுக்குள்ளதான் கிடந்தது. நானும் பிரிச்சுப் பாக்கல்ல.

குளிசையை நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப ரத்தம் குடுப்பம் எண்டார் அப்பா. டொக்டர் ஏசினார்: வால்வில ரத்தம் கட்டிடும்.

எதிர்பாராதது ஒண்டு: ஏஎஃப்பி நோர்மல் எண்டதும் நிம்மதி இல்லையாம், சில கட்டிகள் அதைக் கூட்டாது. இனி 6 மாதத்துக்கு ஒருக்கா அல்ட்ராசவுண்ட், கூடவே ஏஎஃப்பி. பிவ்கா அப்பாவுக்கு வேண்டாம் எண்டு கொப்பியில சிவப்பு மையால எழுதித் தந்திருக்கிறார்.