நான்கு ஆங்கிலச் சொற்களுக்கும் ‘கட்டு’ என்று எழுதியது சரியா?

கேள்வி: பாம்பனிலிருந்து ஒரு கல்லூரி மாணவன்

வணக்கம். இதுவரை டீசல் என்ஜின் வள்ளத்தில் தொழிலுக்குப் போன என் சித்தப்பா, அண்மையில் அவுட்போர்டு என்ஜின் வைத்த ஃபைபர் படகுக்கு மாறினார். அதனுடன் வந்த ஆங்கிலக் கையேட்டை அவருக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஃபாசன், அட்டாச், கனெக்ட், ஜாயின் ஆகிய சொற்கள் அதில் மாறி மாறி வருகின்றன. அகராதியில் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள் இருந்ததால், கரையில் நாங்கள் எதற்கும் சொல்லும் ‘கட்டு’ என்பதையே எங்கும் எழுதிவிட்டேன். ‘எரிபொருள் குழாயை என்ஜினோடு கட்டவும்’ என்பதைப் படித்த சித்தப்பா, குழாயின் முனையை என்ஜினில் வைத்து நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். சற்றுத் தூரத்தில் என்ஜின் நின்றுபோய், இன்னொரு படகு இழுத்து வர வேண்டியதாயிற்று. பிழை என் எழுத்தில்தான் இருக்கிறது. இச்சொற்களின் வேறுபாட்டை விளக்கி உதவுங்கள்.

பதில்: கீழக்கரை, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

தம்பி, கையேட்டில் அந்த இடத்தில் இருந்தது கனெக்ட் என்றே நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று கடந்து செல்வதற்கு வழி உண்டாக்குவதே அச்சொல்லின் உயிர். எரிபொருள், மின்சாரம், பேச்சு, பயணம் என எதுவாகவும் அது இருக்கலாம். உங்கள் ஊரையே பாருங்கள். 1914இல் ரயில் பாலமும் 1988இல் சாலைப் பாலமும் திறக்கப்பட்டபின் தீவும் பெருநிலமும் கனெக்ட் ஆயின. ஆனாலும் தீவு தீவாகவே இருக்கிறது. 2025இல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிடத் தூக்கு பகுதி மேலே எழும்போது தண்டவாளத் தொடர்பு அறுபடுகிறதே, அதுதான் டிஸ்கனெக்ட்.

ஃபாசன் என்பதன் வேர் ‘உறுதியான’ என்னும் பொருளுள்ள ஃபாஸ்ட் என்ற சொல். சாயம் போகாத துணியைக் கடைக்காரர் ஃபாஸ்ட் கலர் என்பார். அங்கே விரைவுக்கு இடமே இல்லை. எனவே ஃபாசன் என்றால் கழலாதபடி உறுதி செய்வது. அது கயிற்றாலா, திருகாலா, பெல்ட்டாலா என்பதை அச்சொல் சொல்வதில்லை. கயிறு, நாடா போன்றவற்றால் முடிச்சிடுவதற்கு டை என்ற தனிச்சொல் இருக்கிறது. நம்முடைய ‘கட்டு’ பெரும்பாலும் அதற்கே பொருந்தும்.

அட்டாச் என்பதில் ஒரு முதன்மைப் பொருள் இருக்கும். இன்னொன்று அதனோடு வந்து சேரும். விண்ணப்பத்தோடு சான்றிதழ் நகலை அட்டாச் செய்கிறோம். சான்றிதழோடு விண்ணப்பத்தை என்று யாரும் சொல்வதில்லை. ஜாயின் என்பதில் அந்தப் பெரிது சிறிது பெரும்பாலும் இல்லை: இரண்டு துண்டுகள் சேர்ந்து ஒரே நீளமாகின்றன.

பதில்: மண்டபம், என்ஜின் மெக்கானிக்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். குழாய் முனையில் உள்ள கனெக்டரை ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். அது சரியாக உட்காராவிட்டால் இடைவெளியில் காற்றை இழுத்து என்ஜின் நின்றுவிடும்; எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் கயிறு காற்றைத் தடுக்காது. தம்பி, ‘கட்டவும்’ என்பதை அடித்துவிட்டு, ‘கிளிக் என்று கேட்கும்வரை செருகவும்’ என்று எழுதுங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

ஐயா, அண்ணன், இருவருக்கும் நன்றி. இன்னுமொரு ஐயம். இரண்டு கயிறுகளைச் சேர்க்கும் இடத்தில் பெண்ட் என்று ஒரு படத்தின் கீழ் இருக்கிறது. அது ‘வளை’ என்றல்லவா பொருள்படும்?

பதில்: தொண்டி, கப்பலில் வேலை பார்த்தவர்

மாலுமிகளின் ஆங்கிலத்தில் பெண்ட் என்பது ஒரு கயிற்றை இன்னொரு கயிற்றோடு சேர்க்கும் முடிச்சு. கயிற்றைத் தூணிலோ வளையத்திலோ கட்டும் முடிச்சு ஹிட்ச். முடிச்சே இல்லாமல், இரு கயிறுகளின் புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பின்னுவது ஸ்ப்ளைஸ். வலைக் கண்ணில் கை தானாகப் போடுகிற முடிச்சும் ஷீட் பெண்ட் என்பதும் ஒரே வடிவம்தான். உங்கள் சித்தப்பாவிடம் காட்டினால் உடனே அடையாளம் கண்டுகொள்வார். மரங்களைப் பல சுற்றுக் கயிற்றால் அசையாமல் பிணைப்பது லாஷ். அப்படிப் பிணைத்த நம் கட்டுமரத்துக்கு ஆங்கிலேயர் வேறு பெயர் தேடாமல் நம் சொல்லையே எடுத்துக் கட்டமரான் என்றார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

தாளைத் திருத்திவிட்டேன். என்ஜினைப் படகின் பின்பலகையில் திருகுகளால் அசையாதபடி இறுக்கவும். குழாயைக் கிளிக் என்று கேட்கும்வரை செருகவும். ஆள் தவறிக் கடலில் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிற்றின் கொக்கியை மணிக்கட்டில் மாட்டவும். ‘கட்டவும்’ என்பது இப்போது ஒரே இடத்தில், கரைக்கு வந்தபின் படகை முளையோடு கட்டும் வரியில் மட்டும் இருக்கிறது. சித்தப்பா அதைப் படித்துப் பார்த்து, கேள்வி எதுவும் கேட்காமல் குழாயைச் சரியாகச் செருகினார்.