சாம்பல் நிறம் இளஞ்சிவப்பாக அச்சாகிறது: வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். அம்மாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து ஆல்பம் போட்டுத் தர வேண்டும். வீட்டில் இருப்பது 6 வண்ண இங்க்ஜெட் பிரிண்டர். பளபளப்பான போட்டோ தாளில் அச்சிட்டால் சாம்பல் வர வேண்டிய இடமெல்லாம் மெஜந்தா சாயல் ஏறிவிடுகிறது. தாத்தாவின் வெள்ளை வேட்டிகூட இளஞ்சிவப்பாக நிற்கிறது, பார்க்கவே மனம் வலிக்கிறது.

மை வரும் துளைகளில் அடைப்பு உண்டா என்று பார்க்கும் நாசில் செக் அச்சில் எல்லா நிறக் கோடுகளும் முறியாமல் வருகின்றன. அடைப்பு இல்லாதபோது ஹெட் கிளீனிங் கொடுத்து மையை வீணாக்க மனமில்லை. தாள் வகையையும் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறேன். போட்டோஷாப்பும் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரும் ஒரே நேரத்தில் வண்ணத்தைத் திருத்தினால் இப்படி ஆகும் என்பதால், டிரைவரின் வண்ணத் திருத்தத்தை அணைத்துப் பார்த்தேன். சாயல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. டிரைவரில் மெஜந்தாவைக் கையால் குறைத்தால் நிழல் பகுதிகள் பச்சையாகின்றன.

என் சந்தேகம் மையின் மீதுதான். இப்போது ஊற்றியிருப்பது வேறு நிறுவனத்தின் மை. ஐசிசி புரொஃபைலோ (மைக்கும் தாளுக்கும் ஏற்ப வண்ணத்தைச் சரியாகக் கொண்டுவர உதவும் கோப்பு) அசல் மைக்கு உருவாக்கியது. இந்த மைக்கும் தாளுக்கும் சேர்த்துப் புதிய புரொஃபைல் உருவாக்கினால் சாம்பல் நடுநிலைக்கு வருமா? அல்லது அசல் மைக்கே திரும்புவதுதான் வழியா? மதுரைப் பக்கம் யாரிடமாவது அச்சு வண்ணத்தை அளக்கும் கருவி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மாதிரி அச்சோடு நேரில் வருகிறேன்.