'நான் வருவேன்' என்றது யார்? ஆங்கில அயற்கூற்றைக் கற்றபோது நேர்ந்தவை

(முதலில் ஒருவர் எழுதியதும், அதைப் படித்த வேறு சிலர் தொடர்ந்து எழுதியவையும் இங்கே. நட்சத்திரக் குறிகளுக்குப் பின் எழுதுபவர் மாறுகிறார்.)

பள்ளியில் நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பகுதியில் ஒரு மதிப்பெண்கூட இழக்காதவன் நான். 'ஆம்' என்பது 'வாஸ்' ஆகும், 'வில்' என்பது 'வுட்' ஆகும், 'கேன்' என்பது 'குட்' ஆகும், 'டுமாரோ' என்பது 'தி நெக்ஸ்ட் டே' ஆகும் என்ற அட்டவணையை இன்று கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வேன். அப்படிப்பட்ட நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதத்திலேயே இந்தப் பாடத்தில் சறுக்கினேன் என்பதுதான் இங்கே எழுத வந்த செய்தி.

எங்கள் பிரிவின் தலைவர், மறுநாள் காலை பத்து மணிக்கு வாடிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்துக்குத் தாமே செல்வதாக என்னிடம் சொல்லி, அதை அவர்களுக்குத் தொலைபேசியில் தெரிவிக்கச் சொன்னார். எதிர்முனையில் இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. நான் மிகுந்த தன்னம்பிக்கையோடு, 'ஹி டோல்ட் தட் ஐ வில் கம் டுமாரோ அட் டென்' என்றேன். அவர் நன்றி சொல்லி, என் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாள் எங்கள் தலைவர் அங்கே சென்றபோது, வரவேற்பு மேசையில் நுழைவு அட்டை தயாராக இருந்திருக்கிறது. அதில் அச்சாகியிருந்தது என் பெயர். தம் பெயர் எங்கும் இல்லாததால் கால் மணி நேரம் நாற்காலியில் காத்திருந்துவிட்டு உள்ளே போன அவர், திரும்பி வந்ததும் அந்த அட்டையை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அதை நான் இன்னும் தூக்கி எறியவில்லை.

தவறு எங்கே என்று பல நாள் யோசித்தேன். தமிழில் 'நாளைக்குப் பத்து மணிக்கு நான் வருகிறேன் என்று சொன்னார்' என்றால் யாரும் குழம்ப மாட்டார்கள். 'என்று' என்ற சொல் ஒரு வேலி போல நிற்கிறது. அதற்கு முன்னால் வரும் 'நான்' சொன்னவருடைய 'நான்', பின்னால் வருவதுதான் என் பேச்சு. ஆங்கிலத்தின் 'தட்' என்பதை நான் 'என்று' என்பதற்கு நேர்ச்சொல்லாக எண்ணியிருந்தேன். அது அப்படிப்பட்ட வேலி அன்று. 'தட்' வந்த பிறகும் பேசுபவன் நானே. அங்கே 'ஐ' என்றால் அது என்னையே குறிக்கும். அட்டவணையில் 'ஐ' என்பது 'ஹி' ஆகும் என்று இருந்தது உண்மை. ஆனால் தேர்வுத்தாளில் மேற்கோள்குறிக்குள் ஒரு வாக்கியம் காத்திருக்கும். அதைப் பார்த்து மாற்றலாம். தொலைபேசியில் அப்படி எதுவும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. (வாக்கியத்தில் இன்னொரு பிழையும் உண்டு: 'டோல்ட்' என்றால் யாரிடம் என்பதை உடனே சொல்லியாக வேண்டும், 'டோல்ட் மீ' என்றோ, ஆள் தேவையில்லை என்றால் வெறும் 'செட்' என்றோ இருந்திருக்க வேண்டும். அந்தப் பிழையால் யாரும் கால் மணி நேரம் காத்திருக்கவில்லை என்பதால் அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன்.)

எனக்குக் கைகொடுத்தது தமிழிலேயே இருக்கும் இன்னொரு வடிவம். 'வருகிறேன் என்று சொன்னார்' என்பதை மனத்துக்குள் 'தாம் வருவதாகச் சொன்னார்' என்று மாற்றிக்கொண்டு, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனேன். 'தாம்' என்று வந்துவிட்டால் அது தானாகவே 'ஹி' ஆகிவிடுகிறது. 'நான்' குறுக்கே வருவதில்லை. ஆயினும் இந்த உத்தி ஆளை மட்டுமே சரிசெய்தது, காலத்தை அன்று. 'தனக்குக் களைப்பாக இருப்பதாகச் சொன்னாள்' என்னும்போது தமிழில் 'இருப்பதாக' அசையாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஷி செட் ஷி வாஸ் டயர்ட்' என்கிறார்கள். இதை முதன்முதலில் கேட்டபோது, 'அப்படியானால் இப்போது களைப்பு தீர்ந்துவிட்டதா?' என்று நான் கேட்டு, சொன்னவர் விழித்த விழிப்பு நினைவில் இருக்கிறது. அந்த 'வாஸ்' களைப்பு முடிந்ததைச் சொல்லவில்லை. 'செட்' என்ற இறந்தகாலத்தோடு தானும் ஒரு படி பின்னால் நகர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

சொன்ன செய்தி இன்னும் உண்மையாக இருந்தால் காலத்தை மாற்றாமலும் விடலாம் என்பதைப் பிறகு அறிந்தேன். பாடநூலில் இதற்குப் பூமி சூரியனைச் சுற்றுவதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். எனக்குப் பயன்பட்டது வேறு. 'ஹி செட் தி ரிப்போர்ட் இஸ் ரெடி' என்று நான் சொன்னால், அறிக்கை தயாராக இருப்பதை நானும் ஏற்றுக்கொள்வது போன்ற தொனி அதில் சேர்கிறது. 'வாஸ் ரெடி' என்றால் அவர் சொன்னார், நான் கடத்துகிறேன் என்ற அளவில் நின்றுகொள்ளலாம். கண்ணால் பார்க்காத அறிக்கையைப் பற்றிப் பேசும்போது நான் இப்போதெல்லாம் 'வாஸ்' என்றே சொல்கிறேன்.

* * *

மேலே சொன்ன 'என்று' குழப்பம் வினாக்களில் இரட்டிப்பாகும் என்பதற்கு நான் சாட்சி. நேர்காணல்களில் என்ன பேசப்பட்டது என்று அறிக்கை எழுதுவது என் வேலை. நான் எழுதிய முதல் அறிக்கையில் மேலாளர் சிவப்பு மையால் ஒன்பது இடங்களில் கோடிட்டிருந்தார். ஒன்பதும் ஒரே பிழை: 'ஷி ஆஸ்க்ட் மீ வேர் டிட் ஐ ஒர்க்?' என்ற வகையில் எழுதப்பட்டவை. அவர் 'டிட்' என்பதை அடித்து, வினாக்குறியை அடித்து, 'வேர் ஐ ஒர்க்ட்' என்று திருத்தியிருந்தார்.

தமிழில் 'எங்கே வேலை செய்தாய் என்று கேட்டார்' என்னும்போது வினா வினாவாகவே முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வினாவை எடுத்துச் சொல்லும்போது அதன் வினாத்தன்மை கழன்றுவிட வேண்டும். எழுவாய் முன்னே, வினை பின்னே என்று சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்பிவிட வேண்டும், 'டூ', 'டிட்' போன்ற துணைவினைகளுக்கு அங்கே வேலையில்லை, கடைசியில் வருவது முற்றுப்புள்ளிதான். இதைப் புரிந்துகொண்ட பிறகும் ஒரு பிழை மட்டும் ஓராண்டு என்னை விட்டுப் போகவில்லை. 'வருவாயா என்று கேட்டார்' என்பதை நான் 'ஹி ஆஸ்க்ட் தட் இஃப் ஐ வுட் கம்' என்று எழுதிக்கொண்டே இருந்தேன். 'வருவாயா' என்பதில் இருக்கும் 'ஆ' எனக்குள் 'இஃப்' ஆகிவிடும்; அடுத்து வரும் 'என்று' எனக்குள் 'தட்' ஆகிவிடும்; இரண்டையும் மரியாதையாக வரிசையில் நிறுத்திவிடுவேன். ஆங்கிலத்துக்கு அந்த இடத்தில் ஒன்றே போதும்: 'இஃப்' அல்லது 'வெதர்'. இரண்டில் எது என்ற கேள்விக்கு, பெரும்பாலான இடங்களில் எதுவும் பொருந்தும் என்பதே விடை. 'போவதா வேண்டாமா' என்ற பொருளில் 'டு கோ' என்பது போன்ற வடிவம் தொடர்ந்தால் 'வெதர்' தவிர வேறு வழியில்லை.

* * *

ஏவலைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று இதைச் சேர்க்கிறேன். ஒரு விலைப்புள்ளியை இன்னும் அனுப்ப வேண்டாம் என்று என் மேலதிகாரி என்னிடம் சொன்னார். அதை என் சக ஊழியருக்கு நான் மின்னஞ்சலில் தெரிவித்த விதம்: 'ஹி டிட் நாட் டெல் மீ டு செண்ட் இட்'. அதாவது, 'அனுப்பச் சொல்லவில்லை'. சக ஊழியர் அதை வாசித்துவிட்டு, அவர் எதுவும் சொல்லவில்லை போலும், வழக்கம்போல் அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்து அனுப்பிவிட்டார். நான் எழுதியிருக்க வேண்டியது 'ஹி டோல்ட் மீ நாட் டு செண்ட் இட்'. 'நாட்' என்ற அந்தச் சிறு சொல் 'டெல்' என்பதற்கு முன்னால் நிற்கிறதா, 'டு' என்பதற்கு முன்னால் நிற்கிறதா என்பதில் ஒரு விலைப்புள்ளி போய்விட்டது. இத்தனைக்கும் தமிழில் 'அனுப்பச் சொல்லவில்லை', 'அனுப்ப வேண்டாம் என்று சொன்னார்' என்ற இரண்டையும் நான் ஒருநாளும் மாற்றிப் பேசியதில்லை.

'சஜஸ்ட்' பற்றியும் ஒரு வரி. 'டோல்ட் மீ டு', 'ஆஸ்க்ட் மீ டு' என்று பழகிய வாய் 'சஜஸ்டட் மீ டு' என்றும் சொல்லிவிடும். அது வழக்கில் இல்லை. 'சஜஸ்டட் தட் ஐ ரெஸ்ட்' என்றோ 'சஜஸ்டட் ரெஸ்டிங்' என்றோதான் வரும்.

* * *

இருபது ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். முதலில் எழுதியவர் குறிப்பிட்ட அட்டவணையை மாணவர்களுக்குக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் சற்றுக் குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் காலையில், 'நாளை தேர்வு' என்று தலைமை ஆசிரியர் வகுப்புக்கு வந்து அறிவித்தார். அன்று மதியம் தாமதமாக வந்த மாணவி ஒருத்தியிடம் இன்னொருத்தி அந்தச் செய்தியை ஆங்கிலத்தில் சொன்னாள்: தேர்வு 'தி நெக்ஸ்ட் டே' என்று அவர் சொன்னதாக. கேட்டவள், 'எதற்கு அடுத்த நாள்?' என்று திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. 'டுமாரோ' கட்டாயம் 'தி நெக்ஸ்ட் டே' ஆக வேண்டும் என்று கற்பித்தவள் நான். சொன்ன அதே நாளிலேயே எடுத்துச் சொன்னால் நாளை என்பது நாளையேதான். மாற்ற வேண்டிய தேவையே இல்லை. அதே அறையில் நின்று சொன்னால் 'ஹியர்' என்பதும் 'தேர்' ஆக வேண்டியதில்லை. நாளும் இடமும் நகர்ந்திருந்தால்தான் சொல்லும் நகர வேண்டும்.

அதற்குப் பிறகு அட்டவணையைக் கடைசிப் பாடமாகத் தள்ளிவிட்டு, மூன்று பேரை நிறுத்தி ஒரு பயிற்சி செய்கிறேன். முதலாமவர் இரண்டாமவரின் காதில் ஒரு வாக்கியம் சொல்வார். இரண்டாமவர் அதை மூன்றாமவருக்கு உடனே ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வார். மூன்றாமவர் ஒரு வாரம் பொறுத்து, அடுத்த வார வகுப்பில் எல்லோருக்கும் சொல்வார். ஒரு முறை, 'எனக்கு இன்று பசிக்கவில்லை' என்பது முதல் வாக்கியம். இரண்டாமவள், 'ஷி செட் ஷி இஸ் நாட் ஹங்ரி டுடே' என்றாள். பள்ளி இலக்கணத்தின்படி இது பிழை, அந்த நிமிடத்தில் அது முற்றிலும் சரி. மூன்றாவதாக நின்ற பையன் ஒரு வாரம் கழித்து எழுந்து, சற்றுத் தயங்கி, 'ஷி செட் ஷி வாஸ் நாட் ஹங்ரி' என்று சொல்லி நிறுத்தினான். பிறகு தானாகவே 'தட் டே' என்று சேர்த்தான். யாரும் அவனுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

ஏற்கெனவே 'வுட்', 'குட்', 'மைட்', 'ஷுட்' என்று இருந்தால் அவை மேற்கொண்டு பின்னால் போவதில்லை என்பதையும், 'மஸ்ட்' கட்டாயத்தைக் குறித்தால் 'ஹேட் டு' ஆகலாம், 'அவராகத்தான் இருக்க வேண்டும்' என்பது போன்ற ஊகத்தைக் குறித்தால் அப்படியே நிற்கும் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுவேன். 'எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய் தட்' என்று வியப்பு வாக்கியங்களை மாற்றும் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் நடத்துகிறேன். ஒருவர் மகிழ்ச்சியில் கத்தியதை இன்னொருவர் அப்படி எடுத்துச் சொல்லி நான் இதுவரை காதால் கேட்டதில்லை.

* * *

நான் தமிழ்ச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவன். 'தாம் வருவதாக' என்ற வடிவத்தைப் பாலமாகப் பயன்படுத்தியதாக முதலில் எழுதியவர் சொன்னதை ரசித்தேன். அந்தப் பாலத்தில் எதிர்த்திசையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது என்னை அவ்வப்போது படுத்தும்.

'அண்ணன் தம்பியிடம் தான் தோற்றுவிட்டதாகச் சொன்னான்' என்றால் தோற்றவன் அண்ணன். 'அவன் தோற்றுவிட்டதாகச் சொன்னான்' என்றால் தம்பி, அல்லது கதையில் வரும் வேறொருவன். தமிழ் இதை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுமே 'ஹி' தான். சொன்னவரையே திரும்பச் சுட்டுவதற்கென்று தனிப் பெயர்ச்சொல் வைத்திருக்கும் மொழிகள் ஆப்பிரிக்காவில் பல உண்டு. பிரெஞ்சு மொழியியலாளர் க்ளோத் அஜேஜ் 1974-இல் அத்தகைய சொற்களுக்கு 'லோகோஃபோரிக்' என்று பெயரிட்டார். நம் 'தான்' அந்தச் சொற்களோடு முழுதாக ஒத்துப்போகாவிட்டாலும், இந்த வகை வாக்கியங்களில் அதே வேலையைத்தான் செய்கிறது. அட்டவணையை மனப்பாடம் செய்த காலத்தில், ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதி நம்மிடம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சென்ற மாதம் மொழிபெயர்த்த கதையில் இரண்டு நண்பர்கள் ஒருவர் மீது ஒருவர் பழி சொல்லிக்கொள்ளும் பக்கம் ஒன்று வந்தது. மூலத்தில் 'தான்', 'அவன்' என்று மாறி மாறி வந்து, யார் எதைச் செய்தார்கள் என்பது தெளிவாக இருந்தது. ஆங்கிலத்தில் நான்கு 'ஹி' வரிசையாக நின்றன. ஒரு வரியை நேர்க்கூற்றாக்கி மேற்கோள்குறிக்குள் போட்டேன், ஒன்றை 'தி அதர்' என்று திருப்பினேன், மீதி இடங்களில் வேறு வழியில்லாமல் பெயரையே எழுதினேன். பதிப்பாசிரியர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில், ஒரே பத்தியில் இந்தப் பெயர் ஏன் மூன்று முறை வருகிறது என்று கேட்டு எழுதியிருக்கிறார். இன்னும் பதில் அனுப்பவில்லை.